இரண்டு மொழியும் தெரிந்தவன்

ஸ்லோவாக், செபுவானோ மொழிகளை ஒப்பிட்டு முந்நூறு பக்க ஆய்வேடு எழுதியவனுக்கு இரண்டிலும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. விஷயம் தெரிந்த தேர்வாளர் யாரும் கிடைக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் நெறியாளர் அந்தத் தலைப்பையே கொடுத்திருந்தார்.

வாய்மொழித் தேர்வு நாளன்று நெறியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பிரமாதம் தம்பி! எனக்கு இந்த ரெண்டு மொழியும் சுத்தமாத் தெரியாது."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ கையெழுத்து, சார்?"

"எங்க வீட்டுல வச்சுப் போடறேன். வாங்க, வண்டியில ஏறுங்க."

"வீட்லயா? எதுக்கு சார்?"

"என் மாப்பிள்ளைக்குத் தாய்மொழி ஸ்லோவாக். மருமகளுக்குச் செபுவானோ. கோபம் வந்தா ரெண்டு பேரும் அவங்கவங்க மொழிக்குத் தாவிடறாங்க. மூணு நாளா வீட்ல ரணகளம். யார் என்ன சொல்றாங்கன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும். உங்களுக்காகத்தான் இந்தத் தேர்வுக்கே ஒத்துக்கிட்டேன்!"

உதவிக்கு நெறியாளர் பக்கம் திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது.

"போற வழியில ஏழாவது அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிடுங்க" என்றார் தேர்வாளர். "ரெண்டு மொழியிலயும் திட்டறதுக்கு வார்த்தையே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்களே?"