சுருக்கெழுத்துப் பரீட்சைக்கு முன்

கண்ணாடி ஓட்டின் வழியே பிற்பகல் வெயில் என் மார்பில் விழுகிறது. விழித்துவிட்டேன்; ஒரு விரல்கூட அசையவில்லை. மாலையில் சுருக்கெழுத்துப் பரீட்சை. அது நெருங்கியதிலிருந்து தூக்கம் இப்படித்தான் கலைகிறது. இன்று கை வராமலே போய்விட்டால்?

"இன்னா லூர்து, இவன் கண்ணு தொறந்துகீது, கூப்ட்டா பேசலியே" என்கிறாள் வீட்டுக்காரி தேசம்மா.

"அமுக்குவான் பேய் புடிச்சிகீதுக்கா. பரிச்சை பயம். கால் கட்டவெரல இழுத்து வுடு" என்கிறான் அறைத்தோழன் லூர்துசாமி.

வகுப்பில் பாதிச் சொற்களைத் தவறவிடுகிறவன் நான். இப்போது இவர்கள் பேசுவது ஒன்றுவிடாமல் எனக்குள் சுருக்கெழுத்துக் கோடுகளாக விழுகிறது. எழுதுவது நான்தானா? சாந்தோம் கடலின் இரைச்சலும் ஒரு நீண்ட வளைவாக வந்து படிகிறது.

"எந்திரி நைனா, அந்தப் பேயும் பரிச்சைக்குப் போவணுமாம்" என்று தேசம்மா கால்விரலை இழுக்கிறாள். உடம்பு அவிழ்கிறது. பாயின்மேல் என் கைவிரல் ஏற்கெனவே கோடிழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வாய் மூடும்போது அதுவும் நிற்கிறது.