கடைசிவரை பார்த்த ஒரே ஆள்

போனில் பாடம் படிக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். எட்டாவது தாண்டாதவன் நான். மருமகளோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். இருந்தாலும் அவளிடமே சொன்னேன்.

"கையில போன் இருந்தா பிள்ளைங்க படம்தாம்மா பார்க்கும். உன் பாடத்தை எவன் பார்ப்பான்?"

"பார்ப்பாங்க மாமா. பஸ்ல போறப்பகூடக் கேட்கலாமே."

பன்னிரண்டு பாடங்களைப் பேசிப் பதிந்து, இணையத்தில் ஏற்றி, மாணவர்களின் போனுக்கு லிங்க் அனுப்பியிருந்தாள். முழுதாகப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லையென்றால் அவளுடைய தற்காலிக வேலை போய்விடும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

நேற்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒரே ஒருத்தர் மாமா, பன்னிரண்டையும் கடைசிவரைக்கும் பார்த்திருக்காங்க. ஏழாவது பாடத்தை ஒன்பது தடவை. வேலை நிலைச்சிடுச்சு."

"யாராம் அந்தப் புண்ணியவான்?"

"பேர் வராது, எண்ணிக்கைதான் வரும். வகுப்புல கேட்டேன், யாரும் வாயைத் திறக்கல. ரொம்ப அடக்கமான பிள்ளை போல."

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த அடக்கமான பிள்ளைக்கு வயது எழுபத்து மூன்று. அவள் எனக்குத் தள்ளிவிட்ட பழைய போனில் அந்த லிங்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு வார்த்தையும் புரியாது. காதருகே வைத்துக்கொண்டு படுத்தால் இரண்டாவது நிமிஷம் குறட்டை விடுவேன். அது பாட்டுக்குக் கடைசிவரை ஓடும். ஏழாவது பாடத்துக்கு அந்த இரண்டு நிமிஷமும் அதிகம்.

அடுத்த வருஷம் இருபது பாடமாம். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.