கரண்ட் போனதும் நின்ற விசிறி

விழுந்ததும் பனிக்கட்டியாய் உறையும் மழையில் மின்கம்பி அறுந்து, அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலம் முழுக்கக் கரண்ட் இல்லை. பழைய விறகுக் கணப்பின் பொந்துக்குள் நான் ஆசையாய்ப் பொருத்திய பெல்லட் அடுப்பின் விசிறி நின்றுகிடக்கிறது. உள்ளே பெல்லட்டுகள், மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள், இன்னும் கனல்கின்றன. குழாய் வழியே வெளியே தள்ளிவிட விசிறி இல்லாத புகை, கண்ணாடிக் கதவின் இடுக்கில் நூல்நூலாய் அறைக்குள் வருகிறது. "பேட்டரியும் சேத்து வாங்குன்னு கடைக்காரன் தலையால அடிச்சிக்கிட்டான், கேட்டியா பெரிய மேதாவி?" என்கிறாள் என் மனைவி டெல்ஃபின். "அப்புறமா திட்டுடி, பிள்ளையத் தூக்கு!" பனியில் ஒட்டிப்போன ஜன்னலைத் தோளால் இடித்துத் திறக்கிறேன். விஷப்புகை மணி காது கிழியக் கத்துகிறது. கரண்டி விழுந்தாலே வீறிடும் எங்கள் ஆறு வார மகன் கண் திறக்கவில்லை. "மூச்சு வருதா பாருய்யா!" அவன் மூக்கருகே விரல் வைக்கிறேன். மரம் தூக்கிக் காய்த்துப்போன இந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.