லுங்கிக்காரன் மேல் ஒரு கண்

கட்டம் போட்ட லுங்கிக்காரன் இன்றைக்கும் வந்துவிட்டான். டீக்கடை பெஞ்சில் அதே கோடி, கையில் அதே மடித்த பேப்பர்.

மறுகோடியில் இருந்த ஷரஃபுதீன் சுங்க இலாகா அதிகாரி. துறைமுகத்தில் இறங்கியிருக்கும் ஏதோ ஒரு கன்டெய்னரில், பொம்மை என்ற பெயரில் வெடிமருந்து இருப்பதாகச் செய்தி. எந்தக் கன்டெய்னர் என்று தெரியாது. டீக்கடைக்கு எதிரே, லஸ் சந்தில் ஒரு மாடியில் இருக்கிற கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு அதன் காகிதங்களை வாங்க வருகிறவன்தான் ஆள். ஐந்து நாளாக அதற்குத்தான் இந்தக் காவல்.

டீ போடும் கபாலி கிளாஸை நீட்டும் சாக்கில் குனிந்தான். "சார், எதிர்ல இன்னா கீது? லுங்கி இன்னாவோ எழுதிக்கினு கீறான், அவனைப் பாரு."

ஷரஃபுதீன் சட்டென்று திரும்பினார். லுங்கிக்காரன் எழுதிக்கொண்டுதான் இருந்தான். அதுவும் இவரைப் பார்த்துப் பார்த்து. தோல்பையும் கையுமாக எவனோ எதிர்மாடிப் படியிறங்கிப் போனதை அவர் அரைக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

லுங்கிக்காரன் யார் என்று போலீஸுக்கு எழுதிக் கேட்டிருந்தார். டெல்லி மூலமாகக் கேட்கும்படி ஃபேக்ஸ் வந்தது. கடலோரக் காவல்படையைக் கேட்டால், உமக்கு எதற்கு அது என்று திருப்பிக் கேட்டார்கள்.

துறைமுகப் பாதுகாப்புக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி நீரஜா இதையெல்லாம் கேட்டுச் சலித்துப்போனார். மூன்று இலாகாக்காரர்களும் அன்று மதியமே அடையாறில் தன் அறைக்கு வந்து, அவரவர் ஃபைலை ஒரே மேஜையில் திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஷரஃபுதீன் உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். லுங்கிக்காரன் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்தான். பெயர் ஸ்ரீனிவாசராகவன், கடலோரக் காவல்படை அதிகாரி. லுங்கி கட்டவே இந்த வேலைக்காகத்தான் கற்றுக்கொண்டாராம்.

அவர் ஃபைலில் முதல் படமே ஷரஃபுதீன் டீ உறிஞ்சும் படம். அதில் தன் முழி கடத்தல்காரன் முழியாகவே இருந்ததை ஷரஃபுதீனாலும் மறுக்க முடியவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டரின் ஃபைலில் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். கீழே 'கூட்டாளிகள்' என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு வேறு.

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீரஜா சிரிக்கவில்லை. சரக்கு எப்போது வேண்டுமானாலும் வெளியே போய்விடலாம். இவர்களோ ஐந்து நாளாக ஒருவரையொருவர் காவல் காத்திருக்கிறார்கள்.

"பெஞ்சுல உக்காந்திருந்தவங்க மேல சந்தேகம்னு உங்களுக்கு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டை நீட்டினார்.

துப்புச் சொன்னவன் பெயரைக் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத மனிதர்கள். தயங்கித் தயங்கி எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார்கள்.

நீரஜா ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"மூணு சீட்டுலயும் கபாலிதான்."