மின்னும் தகடு

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் காலை வெயில், எஞ்சின் மூடி திறந்த பழைய காருக்குள் ஒரு பித்தளைத் தகட்டின் மேல் நிற்கிறது. தயாரித்தபோதே காரின் எண் பொறித்துப் பதித்த அந்தத் தகடு நேற்றுச் செய்தது போல் மின்னுகிறது. "அறுபது வருஷத் தகடு இப்படியா இருக்கும்? போலின்னு எழுதிட்டாங்கன்னா பழைய கார் கண்காட்சிக்குள்ளயே விட மாட்டாங்க. எல்லாம் நீ தேய்ச்ச தேய்ப்பு," என்று பல்லைக் கடிக்கிறார் கார்க்காரர். வாரம் தவறாமல் அதைத் துடைத்துவந்த மனைவி துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். கண்காட்சிக்காகக் காரைச் சோதிக்க வந்த பெண் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எண்ணைப் படியெடுக்கிறாள். பிறகு காருக்கடியில் படுத்து, இரும்புச் சட்டத்தில் அப்பிய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, அங்கே அடித்திருக்கும் எண்ணையும் இன்னொரு தாளில் எடுக்கிறாள். கன்னத்தில் கரியோடு எழுந்து, இரண்டு தாள்களையும் சேர்த்து வெயிலில் பிடிக்கிறாள். கோட்டின் மேல் கோடு உட்காருகிறது. இரண்டிலும் எட்டின் மேல்வளையம் ஒரே இடத்தில் உடைந்திருக்கிறது. "ரெண்டையும் ஒரே உடைஞ்ச அச்சாலதான் அடிச்சிருக்காங்க. தகடு அசல்தாங்க. அழுக்கு ஏறியிருந்தா இந்த உடைசல் கண்ணுலயே பட்டிருக்காது. யாரு துடைச்சது?" மனைவி துணியை முன்னால் கொண்டுவந்து, நிதானமாக உதறி, கணவர் கையில் வைக்கிறாள். "பம்பர் பாக்கி இருக்கு," என்கிறாள்.