அரசுச் செலவில் வெளிநாடு

"அரசு ஏற்பாட்டில் வெளிநாட்டில் ஓராண்டுன்னு போட்டிருக்கீங்க. லேசுப்பட்ட ஆள் இல்லை போலிருக்கே."

மேனேஜர் இப்படி ஆரம்பித்ததுமே லிப்ட் மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. அந்த பயோடேட்டாவை அவன் எழுதவில்லை. வேலை தேடி அலுத்துப்போய், மனைவியின் போனில் ஏஐயிடம் நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னான். அது எழுதிக் கொடுத்ததைப் படித்தபோது, யாரோ பெரிய மனிதரின் சமாச்சாரம் போல இருந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது.

"இப்படியே கொடுங்க. நடந்ததைச் சொன்னதாலதானே போன இடத்துல எல்லாம் கதவைச் சாத்தினாங்க," என்றாள் மனைவி. அவள் ஒருத்தி சம்பளத்தில் வீடு எத்தனை நாள் ஓடும்? மச்சானின் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"டிக்கெட்டும் அரசாங்கமேவா?"

"ஆமா சார்."

"ஏர்போர்ட் வரைக்கும் கார் வேற அனுப்பினாங்களாக்கும்?"

"வண்டி வந்துச்சு சார். ரெண்டு ஆபீசருங்க கூடவே வந்து, ப்ளைட்ல ஏத்திவிட்டுட்டுத்தான் போனாங்க."

"கொடுத்து வச்சவர் நீங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

"எங்க பசங்க ஒரு மோட்டார் மாத்திட்டாலே தலைகால் புரியாம ஆடுவானுங்க. நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க. அங்கே போய் ஒட்டிக்கிறது சுலபமாத்தான் இருந்திருக்கும். உங்க முகஜாடையே அந்த நாட்டுக்காரங்க மாதிரிதான் இருக்கு."

வெளியே லிப்ட் வந்து நின்று, கதவு முனகிக்கொண்டே திறந்தது. ரோலர் தேய்ந்திருக்கிறது என்று அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது.

"நாளைக்கே வந்து சேர்ந்துக்குங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், அவ்வளவு நல்ல வாய்ப்பை விட்டுட்டு ஏன் திரும்பி வந்தீங்க?"

இதற்கு மட்டும் ஏஐ பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"இந்த முகஜாடையைப் பார்த்துத்தான் சார், வெளிநாட்டுக்காரன்னு பிடிச்சு என்னை அங்கே அனுப்பினாங்க," என்றான் மேஜையைப் பார்த்தபடி. "நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன்னு என் பொண்டாட்டி கோர்ட்டுல நிரூபிக்க ஒரு வருஷம் ஆயிடுச்சு."