வாயத் தொறம்மா!

“ஹிஸ்டரி டிகிரி முடிச்சிட்டு நர்சிங் படிக்க ஏம்மா வந்த?”

பிரின்சிபால் அம்மா கேட்டது அவ்வளவுதான். எதிர்ல உக்காந்திருந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கிச்சு.

“வந்து... எனக்கு... சேவை...”

“சரி, சேவை. அப்புறம்?”

அப்புறம் ஒண்ணும் இல்ல. மேல சுத்துற ஃபேனு அவளைவிட நல்லா பேசுச்சு.

பக்கத்துல இருந்த டாக்டர் கொட்டாவி விட ஆரம்பிச்சாரு.

“வாயத் தொறம்மா! நாளைக்கு வார்டுல இந்த டாக்டரே ஒரு மருந்தத் தப்பா எழுதிட்டா, ‘சார், இது தப்பு’ன்னு நீதான் சொல்லணும். இப்படி மென்னு முழுங்கிட்டு நின்னா பேஷன்ட் போய்ச் சேர்ந்துருவான்.”

டாக்டருக்குக் கொட்டாவி பாதியிலயே நின்னுபோச்சு.

அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. முன்னாடி போன ரெண்டு காலேஜ்லயும் இதே கதைதான். வயசு வரம்பு வேற இந்த வருஷத்தோட சரி. இத விட்டா நர்ஸ் யூனிஃபார்ம அடுத்தவங்க மேலதான் பாக்கணும்.

“சாரிம்மா...”ன்னு பிரின்சிபால் ஆரம்பிச்சாங்க.

படார்னு கதவு தொறந்துச்சு. இவ்வளவு நேரமும் வெளிய ஜன்னலோரம் நின்ன ஆளு. பைக் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸு. சாட்சாத் அவ புருஷன்தான்.

“மேடம், இவளுக்கு சீட்டு கீட்டு குடுத்துராதீங்க! செத்துப்போன ராஜாக்களப் படிச்சவ. உயிரோட இருக்கறவனுக்கு இவ என்னத்தப் பண்ணப் போறா?”

“ஏங்க, வெளிய போங்க...” பல்லக் கடிச்சா.

“எதுக்குப் போகணும்? பெட்பேன் எடுக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு காலேஜு! உனக்கு எதுக்குடி இதெல்லாம்? பேசாம வீட்டுல கெட.”

அவ எந்திரிச்ச வேகத்துல நாற்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு.

“யோவ்! பெட்பேனா? உங்கப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப அத எடுத்தது யாரு, நீயா? மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்ல நின்ன ஆளுதானே நீ! அவரு முதுகுல புண்ணு வந்துரக் கூடாதுன்னு திருப்பித் திருப்பிப் போட்டது யாரு? எந்தப் பக்கம் செவக்குது, எந்த மாத்திரைக்கு மயக்கம் வருதுன்னு பாத்துப் பாத்துச் சொன்னது யாரு?”

“அது சரி, ஆனா...”

“குறுக்க பேசாத! செத்த ராஜான்னு நக்கலா? அவன் பட்டாளம் எதுல செத்துச்சு தெரியுமா? கத்தியில செத்தவன் கொஞ்சம். காயத்தக் கழுவிக் கட்ட ஆளில்லாம, நல்ல தண்ணி இல்லாம, கூடாரத்துல சீழ் புடிச்சும் பேதி புடிச்சும் செத்தவன்தான்யா ஜாஸ்தி! அத வருஷக்கணக்கா படிச்சிட்டு எப்படி சும்மா இருக்கறது? ஏன் வந்தேன்னு கேட்டாங்கல்ல, இதுக்குத்தான் வந்தேன். சீட்டு வாங்காம இந்த ரூம விட்டு நகர மாட்டேன். பேசாம கெடன்னு சொல்ல நீ யாருய்யா?”



பிரின்சிபால் அம்மா எந்திரிச்சு நின்னாங்க. “சீட்டு உனக்குத்தான்மா. இந்த வாய அப்படியே வார்டுக்குக் கொண்டு வந்துரு.” டாக்டர் பக்கம் திரும்பினாங்க. “நீங்க என்ன சொல்றீங்க?”

“ஐயோ, எனக்கெதுக்கு மேடம் வம்பு? குடுத்துருங்க, குடுத்துருங்க!”

பிரின்சிபால் அம்மா அடுத்து அவ புருஷன் பக்கம் திரும்பினாங்க. “யோவ் மெக்கானிக்கு! உன்னை மாதிரி ஒரு புருஷன நான் பாத்ததே இல்ல. வெளிய போய்யா!”

தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்தான். அவன வராண்டாவுல வாட்ச்மேன் மடக்கிட்டாரு.

“ஏன்யா, கட்டுன பொண்டாட்டிய நாலு பேரு முன்னாடி இப்படியா கேவலப்படுத்துவ? உனக்கெல்லாம் வீட்டுல சோறு போடலாமா?”

“இன்னிக்கு போட மாட்டாண்ணே, அது நிச்சயம்.” சிரிச்சான். கண்ணுல தண்ணி. கிரீஸ் கையால தொடைச்சதுல மூஞ்சியெல்லாம் கறுப்பு.

“என்ன பண்ணச் சொல்றீங்க? வெளியாளுங்களப் பாத்தா அவளுக்கு வாயே வராது. என்னத் திட்டறப்ப மட்டும்தான் அப்படியே கொட்டும். அதான், நானே உள்ள போய் வாங்கிக் கட்டிக்கிட்டேன்!”